தூங்கி வழியும் குஞ்சு: வீட்டுக் கோழிகளில் நோயுற்ற இளங்கோழியைப் பேணும் முறை

சோர்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் 'சீக்கு வந்த கோழி மாதிரி தூங்கி வழியாதே' என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். உவமை பொருத்தமானதுதான், ஆனால் கோழி வளர்ப்பவர் அதை அப்படியே நம்பி, குஞ்சு தூங்கி வழியும் வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தளர்ந்த பறவையைப் பருந்தும் பூனையும் முதலில் குறி வைக்கும் என்பதால், கோழி தன் நோயைக் கூடியவரை மறைத்துக்கொள்ளும். சிறகைத் தொங்கவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நிற்கும் குஞ்சு, நோய் தொடங்கி ஒன்றிரண்டு நாள்களாவது ஆன குஞ்சாகவே இருக்கும்.

ஆகவே காலையில் கூண்டைத் திறந்துவிடும் அந்த இரண்டு நிமிடங்களை வீணாக்கக் கூடாது. தீனி வைத்ததும் எல்லாக் குஞ்சுகளும் ஓடிவருகின்றனவா, எது கடைசியில் வருகிறது, எது வந்தும் கொத்தாமல் நிற்கிறது என்பதைப் பார்த்தாலே போதும். மாலையில் அடைக்கும்போது ஒவ்வொன்றின் தீனிப்பையையும், அதாவது கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில் வலப்பக்கமாகப் புடைக்கும் பையை, விரலால் தடவிப் பார்த்தால், பகல் முழுவதும் மேய்ந்த குஞ்சுக்கு அது சிறு நெல்லிக்காய் போலத் திரண்டிருக்கும். மாலையில் அது வெறுமையாக இருந்தால் குஞ்சு தின்னவில்லை என்று பொருள். மறுநாள் விடிந்ததும் அது நிறைந்தே இருந்தால், தின்றது இறங்கவில்லை என்று பொருள். இரண்டும் நோயின் அடையாளம்தான்.

பத்து இருபது நாட்டுக்கோழிகளைக் கொல்லையில் மேயவிட்டு வளர்ப்பவர்களுக்காகவும், மூன்று வாரம் முதல் நான்கு மாதம் வரையுள்ள குஞ்சு, வெடை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டை), இளஞ்சேவல் ஆகியவற்றை மனத்தில் கொண்டும் இதை எழுதுகிறேன். பல ஆண்டுகள் வளர்த்தும் இழந்தும் நான் புரிந்துகொண்டது இதுதான்: நோய் என்னவென்று தெரிந்து மருந்து வாங்கி வருவதற்குள், குளிராலும் தாகத்தாலும் பசியாலும் முதல் இரவிலேயே இறந்துபோகும் குஞ்சுகள் ஏராளம். மருந்து இல்லாத நோயிலும்கூட, சூடும் நீரும் கொடுத்துக் காத்தால் சில பிழைக்கின்றன.

முதல் அரைமணி நேரம்

குஞ்சைப் பிடித்தவுடன் செய்ய வேண்டியது அதைப் பிரித்து வைப்பதுதான். உடன் வளரும் குஞ்சுகள் நோயுற்றதைக் கொத்தும், தாய்க்கோழியே விரட்டுவதும் உண்டு, நோய் மற்றவற்றுக்குப் பரவவும் வழியாகும். இரண்டு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள அட்டைப்பெட்டி போதுமானது. அடியில் செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கும், ஏற்கெனவே தளர்ந்த குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்துபோகும். எனவே தாளின்மேல் பழைய துண்டையோ வெள்ளைத் துணியையோ விரிக்க வேண்டும். வெள்ளை என்று சொல்வதற்குக் காரணம், எச்சத்தின் நிறம் அதில் தெளிவாகத் தெரியும் என்பதே. பெட்டியைக் காற்று வீசாத, ஆனால் மூச்சு முட்டாத இடத்தில், நாயும் பூனையும் எட்டாதபடி வைக்க வேண்டும். மற்றக் கோழிகளின் குரல் காதில் விழும் தொலைவில் இருந்தால் குஞ்சு குறைவாகக் கத்தும். கத்திக் கத்தியே வலுவிழக்கும் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெப்பம். கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ் என்பதால், நலமான குஞ்சைக் கையில் எடுத்தால் அது நமக்குச் சுடுவது போலவே இருக்கும். அதைக் காய்ச்சல் என்று எண்ணி ஈரத்துணி போடுபவர்கள் இருக்கிறார்கள், அது பெருந்தவறு. கால்கள் சில்லிட்டிருந்தால் குஞ்சு குளிரில் இருக்கிறது. பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 40 அல்லது 60 வாட் குண்டு பல்பை, துணியையும் அட்டையையும் தொடாதபடி ஒரு சாண் உயரத்துக்கு மேல் உறுதியாகக் கட்டித் தொங்கவிட்டு, அந்த மூலையில் தரைமட்டத்தில் 30 முதல் 32 டிகிரி வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர இதற்கு வேண்டிய சூட்டைத் தராது. மறுமூலை குளிர்ச்சியாகவே இருக்கட்டும், எங்கே நிற்பது என்பதைக் குஞ்சு தீர்மானித்துக்கொள்ளும். அலகைத் திறந்து இரைத்து, சிறகை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் சூடு அதிகம்; விளக்கடியில் ஒடுங்கிக் கிடந்து கீச்சிட்டால் சூடு போதவில்லை. மின்சாரம் நின்றுவிட்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். சித்திரை, வைகாசிப் பகலில் விளக்கே தேவைப்படாது, ஆனால் அதே மாதங்களிலும் விடியற்காலைக் குளிர் நோயுற்ற குஞ்சுக்குக் குளிர்தான்.

நீர் கொடுப்பதில் ஒரு பிழை

சூடு ஏறிய பிறகே நீர் கொடுக்க வேண்டும், நீர் உள்ளே போய்த் தெம்பு வந்த பிறகே தீனி. இந்த வரிசை மாறினால், சில்லிட்ட உடலில் செரிமானம் நின்றிருப்பதால், தின்றது தீனிப்பையிலேயே தங்கிப் புளிக்கும்.

நான் கோழி வளர்க்கத் தொடங்கிய புதிதில், சளி பிடித்த ஐந்து வாரக் குஞ்சு ஒன்றின் அலகை விரலால் பிளந்து, மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்ட கஷாயத்தை ஒரு தேக்கரண்டி அளவு வாய்க்குள் ஊற்றினேன். குஞ்சு ஒருமுறை தலையை உதறியது, மூக்குத் துளையில் மஞ்சள் குமிழி வந்தது, இரண்டு நிமிடத்துக்குள் என் கையிலேயே தலை சாய்ந்துவிட்டது. அதைக் கொன்றது சளி அன்று, என் தேக்கரண்டி. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால், நாக்கின் அடிப்பகுதியிலேயே மூச்சுக்குழலின் வாய் சிறு பிளவாகத் திறந்து மூடுவது தெரியும். ஊற்றும் நீர் நேராக அதற்குள் போக வாய்ப்பு மிக அதிகம்.

சரியான முறை மெதுவானது. ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்சிலோ இங்க் பில்லரிலோ வெதுவெதுப்பான நீரை எடுத்து, அலகின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு துளி வைக்க வேண்டும். குஞ்சு அலகை அசைத்து, தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கிய பிறகே அடுத்த துளி. முதல் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து துளிகளாகக் கொடுத்து வந்தால், பெரும்பாலான குஞ்சுகள் பிறகு தாமாகவே தட்டில் அலகை நனைக்கத் தொடங்கும். விழுங்கும் அளவுக்கும் நினைவில்லாமல் தலை தொங்கிக் கிடக்கும் குஞ்சுக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. அதைச் சூட்டில் வைத்திருந்து, தலையைத் தூக்கும் வரை காத்திருப்பதே செய்யக்கூடியது.

முதல் நாள் நீரில் கொஞ்சம் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்துக் கொடுப்பது ஊர் வழக்கம், அது நல்ல வழக்கம்தான். கழிச்சல் இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். தூளைப் பயன்படுத்தலாம். ஆனால் மனிதருக்கு 1 லிட்டரில் கரைக்கும் பொட்டலத்தைக் குஞ்சுக்கு 2 லிட்டரில் கரைப்பதே என் வழக்கம், ஏனெனில் கோழிக்குஞ்சுகள் உப்பைத் தாங்குவதில்லை. வீட்டில் கைக்கணக்காக உப்புப் போட்டுக் கலக்குவதை அடியோடு தவிர்க்க வேண்டும். கலந்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

தீனியைப் பொறுத்தவரை, குஞ்சுத் தீவனத்தை வெந்நீரில் குழைத்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்துச் சேர்த்து, கட்டைவிரல் நுனியளவு உருண்டையாகத் தட்டில் வைத்தால் போதும். கரையான் கிடைத்தால் அதைவிடச் சிறந்த ஆசைகாட்டி வேறில்லை. பழைய பானையில் சாணமும் ஈரச்சாக்கும் திணித்து மாலையில் கவிழ்த்து வைத்து, விடியலில் கரையானை எடுத்துக் குஞ்சுக்குப் போடுவார் என் அம்மாயி. தீவனத்தைத் திரும்பியும் பார்க்காத குஞ்சு கரையான் நெளிவதைக் கண்டதும் கொத்தியதை நானே பார்த்திருக்கிறேன். நொய்யை மட்டும் கொடுத்து நோயாளியைத் தேற்ற முடியாது, அதில் புரதம் மிகக் குறைவு. நாள்தோறும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் குஞ்சை எடைபோட்டுக் குறித்து வைத்தால், அது தேறுகிறதா தேய்கிறதா என்பதை நம் ஆசை மறைக்காது. 300 கிராம் இருந்த குஞ்சு மூன்று நாளில் 250 ஆகியிருந்தால், அது கொத்துவது போலத் தெரிந்தாலும் உண்மையில் தின்னவில்லை.

எச்சம் சொல்வது

வெள்ளைத் துணியில் விழும் எச்சத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது பாதி மருத்துவம். நலமான எச்சம் பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ உருண்டிருக்கும், மேலே சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளைத் தொப்பி இருக்கும். பத்து எச்சத்தில் ஒன்றோ இரண்டோ அல்வா போலக் கரும்பழுப்பாக, பிசுபிசுப்பாக, கடுமையான நாற்றத்தோடு விழும். அது பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குருட்டுக்குடல்களிலிருந்து வருவது, இயல்பானது. இதைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து வாங்க ஓடுபவர்கள் பலர். சில நேரம் ஆரஞ்சு நிறத்தில் சவ்வுத்துணுக்கும் எச்சத்தில் இருக்கும், குடலின் உட்தோல் உதிர்வது அப்படித் தெரியும். குஞ்சு சுறுசுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால் அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியவை வேறு. தெளிவான ரத்தம், பச்சையும் வெள்ளையும் கலந்த நீர்க்கழிச்சல், பின்புறத்து இறகில் காய்ந்து ஒட்டி எருவாயை அடைத்துக்கொண்ட எச்சம் ஆகிய மூன்றும் உடனே கவனிக்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னது சிறு குஞ்சுகளுக்கு வருவது. காய்ந்ததை இழுத்துப் பிய்த்தால் தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து மெல்லக் கரைத்தெடுத்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். ஈரத்தோடு விட்டால் குளிரிலேயே போய்விடும்.

ரத்தக்கழிச்சல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சு ஒன்று முருங்கை மரத்தடியில் ஒடுங்கி நின்று, எச்சத்தில் ரத்தம் கலந்து வந்தால், முதலில் நினைக்க வேண்டியது ரத்தக்கழிச்சல். எய்மீரியா என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிரி குடல் சுவரில் பெருகி அதைச் சிதைப்பதால் வருவது இது. நோயுற்ற கோழியின் எச்சத்தில் வெளியேறும் அதன் முட்டை போன்ற உறைகள், ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து, அதைக் கொத்தும் அடுத்த குஞ்சுக்குத் தொற்றும் தகுதி பெறுகின்றன. ஆகவேதான் அடைமழையில் ஈரமாகிப்போன கூண்டிலும், தண்ணீர்த் தட்டைச் சுற்றிச் சேறான இடத்திலும் இது கொத்துக்கொத்தாக வருகிறது. பழகிய பெரிய கோழிகள் எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் நேராது, குஞ்சுகள் மட்டும் விழும்.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது என்பதே ஆறுதல். ஆம்ப்ரோலியம் 20 சதவீதக் கரையும் தூள் கால்நடை மருந்துக்கடைகளில் கிடைக்கும். 1 லிட்டர் குடிநீருக்கு 1.2 கிராம் வீதம் கலந்து, ஐந்து நாள் வரை அந்த நீரை மட்டுமே குடிக்க வைக்க வேண்டும், பின்னர் அதில் கால் பங்கு அளவில் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். வாங்கும் தூளின் வீரியம் வேறாக இருந்தால் அளவும் மாறும் என்பதால் உறையில் உள்ளதைப் படித்து, முடிந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. 1.2 கிராமைத் தேக்கரண்டியில் குத்துமதிப்பாக அளக்க முடியாது. நகைக்கடைத் தராசு போன்ற சிறு தராசு இல்லாதவர்கள், 12 கிராமை எடைபோட்டு வாங்கி 10 லிட்டர் நீரில் கலந்து, எல்லாக் குஞ்சுகளுக்கும் அதையே வைக்கலாம். ஒன்றுக்கு ரத்தம் கண்டால் மற்றவற்றின் குடலிலும் கிருமி இருக்கும் என்பதால் அதுதான் சரியும்கூட.

பலர் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று இங்கே உண்டு. கோழி சோர்ந்திருக்கிறதே என்று அதே நீரில் பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தையும் கலக்கிறார்கள். ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 போன்ற உருவம் கொண்டது. எய்மீரியா அதை வைட்டமின் என்று ஏமாந்து எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறது என்பதுதான் மருந்து வேலை செய்யும் வழி. உண்மையான பி1-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் கிருமிக்கு விருந்து வைத்தது போல ஆகும். சத்து மருந்தெல்லாம் ஆம்ப்ரோலியம் முடிந்த பிறகு கொடுக்கலாம்.

ரத்தம் கண்ட முதல் இரண்டு மூன்று நாள்களே கடுமையானவை, அவற்றைத் தாண்டிய குஞ்சு பெரும்பாலும் தேறிவிடும். இதற்கிடையே கூண்டைக் கவனிக்காவிட்டால் பட்ட பாடு வீண். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இந்த உறைகளைக் கொல்வதில்லை. அவற்றைக் கொல்வது வறட்சியும் வெயிலும்தான். ஈரமான உமியை முழுவதும் வாரி அகற்றி, தரையை வெயிலில் காயவிட்டு, புது உமியை இரண்டு அங்குலமாவது பரப்பி, நாள்தோறும் கிளறிவிட வேண்டும். தண்ணீர்த் தட்டை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தால் எச்சம் அதில் விழாது, சுற்றிலும் சேறும் சேராது.

வெள்ளைக்கழிச்சல்

கொல்லைக் கோழிகளை ஒட்டுமொத்தமாக வாரிக்கொண்டு போவது இது. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1926-இல் கண்டறியப்பட்ட அதே நோய், நம் நாட்டில் குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட்டின் பெயரால் வழங்குகிறது. பச்சையும் வெள்ளையுமாக நீர்க்கழிச்சல், வாய் திறந்து இழுத்து மூச்சுவிடுதல், பின்னர் கால் இறக்கை செயலிழத்தல், கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப்பக்கம் திரும்புதல் என்று போகும். வைரஸ் நோய் என்பதால் இதைக் கொல்லும் மருந்து கிடையாது. எந்தக் கடையில் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் அது இந்நோய்க்கு மருந்தாகாது. சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்து உருட்டிக் கொடுக்கும் முறை நம்மிடம் பரவலாக இருக்கிறது. சிறு உருண்டையாகக் கொடுத்தால் தீங்கில்லை, தின்னவும் தூண்டலாம். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியைக் கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பிழைக்கும் குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கல் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கிவிடும். குனிந்து கொத்தத் தலை குறி தவறும் அத்தகைய குஞ்சை மடியில் வைத்து, தலையை மெல்லத் தாங்கிப் பிடித்து, ஆழமான கிண்ணத்தில் குழைத்த தீவனத்தை அலகுக்கு நேரே காட்டினால் கற்றுக்கொள்ளும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை இது. உடல் தேறினாலும் சில வாரங்கள் வரை அது நோயை வெளியேற்றிக்கொண்டிருக்கக்கூடும், அதனால் உடனே கூட்டத்தில் விடக் கூடாது.

தடுப்பூசி முறை எளியது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் எஃப்-1 அல்லது லசோட்டா என்னும் தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் லசோட்டா, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கைத் தோலடியில் அரை மில்லி ஊசி. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கான இலவச முகாம்களை ஊர் ஊராக நடத்துகிறது. கோடையில் நோய் தலைதூக்குமுன் போட்டுவிட வேண்டும் என்பதே அந்த மாதத்துக்குக் காரணம். மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவர வேண்டும், கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் குஞ்சுக்குத் தடுப்பூசி போடக் கூடாது.

வேறு சில கோளாறுகள்

எல்லாக் கழுத்துத் திருப்பமும் வெள்ளைக்கழிச்சல் அன்று, எல்லா முடக்கமும் வாதம் அன்று. நொய்யும் கம்பும் மட்டுமே தின்று அடைபட்டு வளரும் குஞ்சுகளுக்கு வைட்டமின் பி2 குறைந்து, கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, முட்டியால் நடக்கத் தொடங்கும். தொடக்கத்திலேயே பி-காம்ப்ளெக்ஸ் சொட்டும் சரியான குஞ்சுத் தீவனமும் கொடுத்தால் சில நாள்களில் விரல் நிமிர்வதைக் காணலாம், நாள்பட்டுவிட்டால் நிமிராது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் வெடைக்கு வந்திருப்பது மேரக் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இல்லை. 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா' என்பார்கள். நெருக்கமான கூண்டில் ஆகும், நான் பார்த்திருக்கிறேன்.

குஞ்சின் கொண்டை வெளுத்து, எடையில்லாமல் இருந்தால் கண்ணோரத்தையும் கொண்டையையும் உற்றுப் பார்க்க வேண்டும். எள் தூவியது போலக் கரும்பழுப்புப் புள்ளிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அவை தெள்ளுப்பூச்சிகள். தலையைத் தோலுக்குள் புதைத்து ரத்தம் உறிஞ்சுபவை. வேப்பெண்ணெயையோ வாசலினையோ கண்ணில் படாமல் பஞ்சால் தடவினால் மூச்சடைத்துச் சாகும். பகலில் ஒன்றுமே தெரியாமல் குஞ்சு வெளுத்துக்கொண்டே போனால், இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போய்க் கூண்டின் மரச்சட்டங்களின் இடுக்கைப் பார்க்க வேண்டும், செஞ்செள் என்னும் ரத்தம் உறிஞ்சும் நுண்பூச்சி பகலில் ஒளிந்து இரவில் ஏறும்.

அம்மை, கொசுவால் பரவுவது. கொண்டையிலும் கண்ணிமையிலும் தோன்றும் கொப்புளம் பொருக்காகி மூன்று நான்கு வாரத்தில் தானே உதிரும், அதைப் பிய்த்தெடுக்கக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாம். கண் இரண்டும் மூடிக்கொண்டால் குஞ்சுக்குத் தீனியும் நீரும் தெரியாது, பட்டினியாலேயே போகும். வெதுவெதுப்பான உப்பில்லா நீரால் கண்ணைத் துடைத்துத் திறந்துவிட்டு, கையால் ஊட்டுவதே இங்கே மருத்துவம். வாய்க்குள் மஞ்சள் படலம் படர்ந்து மூச்சு இழுத்தால் மருத்துவரிடம் போக வேண்டும். முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி வடிந்தால் அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதே.

மருத்துவரிடம் எப்போது

கால்நடை மருந்தகத்துக்குக் கோழியைக் கொண்டுபோகக் கூச்சப்படுபவர்கள் உண்டு. அப்படிக் கூச்சப்பட்டு, நமக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுப்பது நல்லதன்று. ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸ் நோயில் பயன்படா. தவறான அளவில் கொடுத்தால் கிருமிகள் பழகிப்போய், பின்னாளில் நமக்கே அந்த மருந்து வேலை செய்யாமல் போகும். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த 2019-இல் நடுவண் அரசு தடை விதித்ததும் இதனால்தான். மருத்துவரிடம் போகும்போது குஞ்சோடு சேர்த்து, அன்று காலை எச்சத்தைச் சிறு டப்பாவில் போட்டும், வயது, தடுப்பூசி, தீவனம், எத்தனை கோழிக்கு நோய் என்பவற்றை எழுதியும் கொண்டுபோனால், அவர் ஊகிக்க வேண்டியது குறையும்.

ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று இறந்தால் அது நம் வீட்டுச் செய்தியாக மட்டும் இராது. மகாராட்டிரத்தின் நவாப்பூரில் 2006-இல் நாட்டில் முதன்முறையாகப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது கோழிகள் கூட்டமாக இறந்துதான் வெளியே தெரிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் செத்த கோழியை அறுத்துப் பார்க்காமல், கையுறை போட்டு எடுத்து, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். நோய் என்னவென்று அறிய மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பரிசோதனைக்கு அனுப்பும் உடலை உறையவைக்காமல் பனிக்கட்டி சூழ வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிழைக்காது என்று தெரிந்ததும் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவதும், இறகையும் குடலையும் கொல்லையிலேயே வீசுவதும் நம் ஊர்களில் நடக்கிறது. மிஞ்சிய கோழிகள் வந்து கிளறுவது அந்தக் குடலைத்தான், ஓர் ஊரையே வெள்ளைக்கழிச்சல் காலி செய்வது பெரும்பாலும் இப்படித்தான். இறந்ததை மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும், வாய்க்காலில் வீசக் கூடாது. நோயுற்றதைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவிவிட்டே மற்றக் கோழிகளிடம் போக வேண்டும். எந்நாளும் நலமானவற்றுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு நோயாளியைக் கடைசியில் பார்ப்பது வழக்கமாகிவிட வேண்டும். குழந்தைகள் நோயுற்ற குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சுவதையும் தடுக்க வேண்டும்.

கூட்டத்தில் திரும்பச் சேர்த்தல்

எச்சம் இயல்பாகி, எடை மூன்று நான்கு நாள் தொடர்ந்து ஏறி, கத்தும் குரலில் பழைய அதிகாரம் வந்துவிட்டால் குஞ்சு தேறிவிட்டது. விளக்கை ஒரேயடியாக நிறுத்தாமல் முதலில் பகலில் மட்டும் அணைத்து, பிறகு இரவிலும் அணைத்துப் பழக்க வேண்டும். தொற்றுநோயாக இருந்திருந்தால் தேறிய பின்னும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருப்பது நல்லது.

ஒரு வாரம் காணாமல் போன குஞ்சைக் கூட்டம் அயலாகவே பார்க்கும், கொத்தித் துரத்தும். எனவே முதலில் இரண்டு மூன்று நாள், மற்றவை மேயும் இடத்திலேயே அதைப் பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையில் கவிழ்த்து, உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் தீனி போட வேண்டும். மூங்கில் இடுக்கு வழியாகக் கொத்திக்கொண்டு பழகிய பிறகு, ஒரு மாலை இருட்டியதும் மற்றக் குஞ்சுகள் அடைந்திருக்கும் இடத்தில் நடுவே கொண்டுபோய் வைத்தால், விடியும்போது அது அங்கேயே இருந்தது போல எழும். தனியே போகப் பயப்படும் குஞ்சாக இருந்தால், சாதுவான இன்னொரு குஞ்சையும் பஞ்சாரத்துக்குள் துணைக்கு விடலாம். முதல் இரண்டு நாள் தீனியை ஒரே தட்டில் வைக்காமல் மூன்று இடத்தில் பிரித்து வைத்தால், துரத்தப்பட்டாலும் அடுத்த தட்டுக்கு ஓடித் தின்றுகொள்ளும்.

கூட்டத்தில் கலந்த பிறகு எது அந்தக் குஞ்சு என்று தெரியாமல் போவதால், காலில் ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு, ஒரு மாதம் வரை வாரத்துக்கு ஒருமுறை பிடித்து எடைபோட வேண்டும். கால் பருக்கும் வயது என்பதால், எடைபோடும்போதே நூலையும் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டிவிட வேண்டும்.